வண்டி நிற்கும் இடத்தில் ஒரு பிளக் பாயின்ட்



"கார் வாங்கப் போகிறோம். பெட்ரோலில் எடுக்கலாமா, எலெக்ட்ரிக்கில் எடுக்கலாமா?" நம் அலுவலகத்துக்கு வரும் கடிதங்களில் இந்தக் கேள்வி இப்போது பெண்ணுக்கு வரன் பார்ப்பது பற்றிய கேள்விகளையே முந்திவிட்டது. ஓய்வு பெற்று பணிக்கொடையைக் கையில் வைத்திருப்பவர்கள் கேட்கிறார்கள். கல்யாணமான கையோடு முதல் கார் வாங்கும் பிள்ளைகள் கேட்கிறார்கள். சிலர் இரண்டு மாடல்களின் பெயரை எழுதி, "எது என்று ஒரு டிக் மட்டும் போட்டு அனுப்புங்கள், போதும்" என்கிறார்கள்.

மாடல் பெயரை வைத்து டிக் போட முடியாது என்பதுதான் சிக்கல். உங்கள் கார் ராத்திரி எங்கே நிற்கும், மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓடும், கடைசியாக வந்த இ.பி. பில் எவ்வளவு, இந்த மூன்றையும் எழுதியிருந்தால் பதில் சொல்வது சுலபம். ஆனால் கலரையும் சன்ரூஃபையும் பற்றி எழுதுகிற யாரும் இ.பி. பில்லைப் பற்றி எழுதுவதில்லை. அதனால் இந்த மாதம் இந்தப் பக்கத்தை அந்த பில்லுக்கே ஒதுக்கிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் கார் கம்பெனியும் நமக்கு விளம்பரம் தருகிறது, எலெக்ட்ரிக் கார் கம்பெனியும் தருகிறது. பெரும்பாலும் இரண்டும் ஒரே கம்பெனி. ஆகவே யாருக்கும் வலிக்காமல் எழுத வேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை.

விலையில் தொடங்குவோம். நெக்ஸான், பஞ்ச், கிரெட்டா மாதிரி ஒரே பெயரில் பெட்ரோலிலும் எலெக்ட்ரிக்கிலும் வருகிற கார்களை எடுத்துக்கொண்டால், ஷோரூம் விலையில் எலெக்ட்ரிக் சில லட்சங்கள் கூடுதலாக நிற்கும். முன்பு இந்த இடைவெளியை ஜி.எஸ்.டி. நிறையவே குறைத்துக் காட்டியது. எலெக்ட்ரிக்குக்கு 5 சதவீதம், சின்ன பெட்ரோல் காருக்கு செஸ்ஸோடு சேர்த்து 29 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன பெட்ரோல் காருக்கான வரி 18 சதவீதமாக இறங்கிவிட்டது. எலெக்ட்ரிக்குக்கு அதே 5தான். அதாவது பெட்ரோல் கார் ஒரே நாளில் மலிந்தது, எலெக்ட்ரிக் கார் நின்ற இடத்திலேயே நின்றது. பழைய யூடியூப் வீடியோவைப் பார்த்துக் கணக்குப் போட்டு வைத்திருப்பவர்கள் அதைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாகப் போட வேண்டும்.

தமிழ்நாட்டில் எலெக்ட்ரிக்குக்குக் கை கொடுப்பது சாலை வரிதான். ஐந்து லட்சத்திலிருந்து பத்து லட்சம் வரையிலான பெட்ரோல் காருக்கு இங்கே 13 சதவீதம், பத்து லட்சத்தைத் தாண்டினால் 18, இருபதைத் தாண்டினால் 20. பன்னிரண்டு லட்ச ரூபாய் கார் என்றால் ஆர்.டி.ஓ. வரி மட்டுமே இரண்டு லட்சத்துப் பதினாறாயிரம். பேட்டரி காருக்கு இந்த வரி விலக்கப்பட்டிருக்கிறது. ஷோரூம் விலையில் தெரிகிற வித்தியாசத்தில் பெரும்பகுதி ஆன்-ரோடு விலைக்கு வரும்போது கரைந்துபோவது இதனால்தான். ஆனால் இந்த விலக்கு காலக்கெடு வைத்துக் கொடுக்கப்பட்டு, பிறகு நீட்டிக்கப்பட்டு வருவது. பில் போடுகிற நாளில் அது நடப்பில் இருக்கிறதா என்று வாய் திறந்து கேட்டுவிடுங்கள். கடன் வட்டிக்கு ஒன்றரை லட்சம் வரை வருமான வரிக் கழிவு உண்டு என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கும் விற்பனைப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அது 2023 மார்ச் 31 வரை கடன் அனுமதி வாங்கியவர்களுக்கு மட்டும்.

இனி ஓடுகிற செலவு. மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். நம் ஊரில் மின் கட்டணம் இரண்டு மாதக் கணக்கு, ஆகவே இரண்டாயிரம் கிலோமீட்டர். லிட்டருக்குப் பதினைந்து கொடுக்கிற பெட்ரோல் காருக்கு 133 லிட்டர் வேண்டும். லிட்டர் நூறு ரூபாய் என்றே வைத்தாலும் பதின்மூவாயிரத்து முந்நூறு ரூபாய் பங்க்கில் போய்விடும். எலெக்ட்ரிக் கார் ஒரு யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர் ஓடும் என்று வைத்தாலும், சார்ஜ் ஏறும்போது கொஞ்சம் வீணாவதால் மீட்டர் கணக்கில் ஆறரைதான் நிற்கும். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு முந்நூறு யூனிட் சொச்சம்.

இங்கேதான் பலர் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். "யூனிட் அஞ்சு ரூபாய், முந்நூறு யூனிட் ஆயிரத்தைந்நூறு" என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறார்கள். தமிழ்நாட்டு இ.பி. அப்படி வேலை செய்வதில்லை. காருக்குப் போகும் மின்சாரம் உங்கள் வீட்டு மின்சாரத்தின் தலைக்கு மேல் போய் உட்காரும். 2024 ஜூலை விகிதப்படி, இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் ஓடுகிற வீட்டுக்கு, முதல் நூறு இலவசம் போக, ஏறக்குறைய ஆயிரத்து இருநூறு ரூபாய் பில் வரும். காரின் முந்நூறு யூனிட் சேர்ந்தால் மொத்தம் 700. ஐந்நூறைத் தாண்டியதும் அடுத்த நூறு யூனிட்டுக்கு 8 ரூபாய் 55 காசு, அறுநூறுக்கு மேல் 9 ரூபாய் 65 காசு. போதாக்குறைக்கு 101 முதல் 200 யூனிட் வரை கிடைத்துக்கொண்டிருந்த சலுகையும் போய்விடும். பில் மூவாயிரத்துத் தொள்ளாயிரம் ஆகும். ஆக, கார் சாப்பிட்டது சுமார் இரண்டாயிரத்து எழுநூறு ரூபாய். கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் முப்பத்தைந்து காசு. (மாடிக்குத் தனி சர்வீஸ் வாங்கி, இரண்டு மீட்டர் வைத்திருக்கும் வாசகர்கள் இந்த இடத்தில் சிரிப்பது எனக்குத் தெரிகிறது.)

ஸ்லாப் இவ்வளவு கடித்தும்கூடப் பெட்ரோலோடு ஒப்பிட்டால் ஐந்தில் ஒரு பங்குதான். இரண்டு மாதத்துக்குப் பத்தாயிரத்து அறுநூறு மிச்சம் என்றால் வருடத்துக்கு அறுபத்து மூவாயிரத்துக்கு மேல். ஆன்-ரோடு விலையில் எலெக்ட்ரிக் மூன்று லட்சம் கூடுதல் என்றே வைத்தாலும் ஐந்து வருடத்தில் ஈடாகிவிடும். அதற்குப் பிறகு ஓடுவதெல்லாம் லாபம்.

இதே காரை மாதம் நானூறு கிலோமீட்டர் ஓட்டுகிறவர் வாங்கினால் என்ன ஆகும்? ஞாயிற்றுக்கிழமை கோயில், நடுவில் ஒரு கல்யாணம், மழை நாளில் பேரப்பிள்ளையைப் பள்ளியில் விடுவது. அவருக்கு வருடத்துக்கு மிச்சமாவது இருபத்தைந்தாயிரத்தைச் சுற்றித்தான். மூன்று லட்சத்தை எடுக்கப் பன்னிரண்டு வருடம் ஆகும். அதற்குள் பேட்டரியின் எட்டு வருட வாரன்டி முடிந்திருக்கும், பேரப்பிள்ளைக்கு லைசென்ஸ் எடுக்கிற வயது நெருங்கியிருக்கும். பணம் மிச்சமாகும் என்பதற்காக மட்டுமே இப்படிப்பட்டவர் எலெக்ட்ரிக் வாங்குவது வீண். சத்தமில்லாமல் போகிறது, கியர் மாற்ற வேண்டாம், முழங்கால் வலிக்கு நல்லது என்று வாங்கினால் அது வேறு விஷயம். சென்னை டிராஃபிக்கில் கிளட்ச்சை மிதித்து மிதித்துக் கால் வீங்கியவர்களுக்கு அந்தக் காரணம் ஒன்றே போதும்.

வெளியே சார்ஜ் போட்டால் இந்தக் கணக்கு மொத்தமாக மாறிவிடும். ஃபாஸ்ட் சார்ஜரில் யூனிட்டுக்கு இருபது ரூபாய்க்கு அக்கம்பக்கம் ஆகிறது, 18 சதவீத ஜி.எஸ்.டி. வேறு. கிலோமீட்டருக்கு மூன்றரை ரூபாய் வந்துவிடும். பெட்ரோலைவிட அப்போதும் குறைவுதான். ஆனால் பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்காக இருந்த செலவு பாதிப் பங்காகிவிடுகிறது, போட்ட பணம் திரும்புகிற வருடங்கள் ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகின்றன. வண்டி நிற்கும் இடத்தில் சொந்தமாக ஒரு பிளக் பாயின்ட் இருக்கிறதா என்று நான் முதலில் கேட்பது இதற்காகத்தான். தனி வீடு என்றால் பிரச்சினை இல்லை. 15 ஆம்ப் பாயின்ட் ஒன்று, ஒழுங்கான எர்த், ராத்திரி சொருகினால் காலையில் தயார். பெரிய சார்ஜர் வேண்டுமென்றால் இ.பி. பிரிவு அலுவலகத்தில் லோடு கூட்டித் தரச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டும். அதைச் செய்யாமல் பழைய வயரிங்கில் சொருகிவிட்டு ஏ.சி.யையும் போட்டால் என்ன நடக்கும் என்பதை உங்கள் எலெக்ட்ரீஷியன் என்னைவிட நன்றாகச் சொல்வார்.

அடுக்குமாடிக் குடியிருப்பு வேறு உலகம். பார்க்கிங் பேஸ்மென்ட்டில், உங்கள் மீட்டர் தரைத்தளத்தில், நடுவில் அசோசியேஷன். "உங்களுக்கு அனுமதித்தால் எல்லோரும் கேட்பார்கள்" என்கிற ஒரு வாக்கியத்தில் பல எலெக்ட்ரிக் கார் கனவுகள் முடிந்திருக்கின்றன. எல்லோரும் கேட்கத்தான் போகிறார்கள் என்பது செயலாளருக்கும் தெரியும். பொது மின்சாரத்தில் இழுக்காமல், உங்கள் மீட்டரிலிருந்து தனி வயர், தனி எம்.சி.பி. போட்டுக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்தால் பெரும்பாலான எதிர்ப்புகளுக்குப் பதில் கிடைத்துவிடும். கார் புக் செய்யும் முன் இந்தக் கடிதம் போக வேண்டும். டெலிவரி எடுத்துப் பூஜை போட்ட பிறகு போய்ப் பேசினால் உங்கள் பேரம் பலவீனமாகிவிடும்.

அடுத்தது, எல்லோரும் கேட்கும் தூரக் கவலை. நாம் கார் வாங்குவது வருடத்தில் இரண்டு முறை ஊருக்குப் போவதை மனதில் வைத்து. மாதா மாதம் இ.எம்.ஐ. கட்டுவது ஆபீஸ் போய் வருவதற்காக. ஷோரூமில் உட்கார்ந்தவுடன் நமக்கு ஞாபகம் வருவது தினம் போகிற முப்பது கிலோமீட்டர் அல்ல, ஆடி மாதம் குலதெய்வம் கோயிலுக்குப் போகிற ஐந்நூறு கிலோமீட்டர். அந்தப் பயணத்துக்கு ஏற்ற பேட்டரி வேண்டுமென்று இரண்டு லட்சம் கூடப் போட்டு மேல் மாடலை எடுக்கிறோம்.

கம்பெனி சொல்லும் தூரத்தை அப்படியே நம்ப வேண்டாம். நெக்ஸான் எலெக்ட்ரிக்கின் 45 யூனிட் பேட்டரிக்குச் சோதனைக்கூடக் கணக்கு 489 கிலோமீட்டர். அந்தக் காரைச் செய்கிற டாடா கம்பெனியே, நான்கில் மூன்று பேருக்குச் சாலையில் உண்மையாகக் கிடைப்பது 350 முதல் 375 என்றும் போடுகிறது. இப்படி இரண்டாவது எண்ணையும் வெளியே சொன்னதற்காக அவர்களைப் பாராட்ட வேண்டும். நான்கு பேர், லக்கேஜ், ஏ.சி., நாற்கரச் சாலையில் மணிக்கு நூறுக்கு மேல் என்று போனால் அதுவும் குறையும். மலை ஏறும்போது சதவீதம் சரசரவென்று இறங்குவதைப் பார்த்து வயிறு கலங்கும். இறங்கும்போது பிரேக் பிடிக்கிற வேலையை மோட்டாரே செய்து, பேட்டரிக்குக் கொஞ்சம் மின்சாரத்தைத் திருப்பிக் கொடுக்கும். ஏற்காட்டிலிருந்து சேலத்துக்குக் கீழே வந்து சேரும்போது, மேலே கிளம்பியதைவிட அதிக சார்ஜ் காட்டுவது மந்திரம் இல்லை.

சென்னையிலிருந்து திருச்சி, மதுரை போகிற சாலையிலும், சேலம் வழியாகக் கோவை போகிற சாலையிலும் ஹோட்டல் வாசல்களில் இப்போது சார்ஜர்கள் இருக்கின்றன. சாப்பிட்டுக் காபி குடித்து முடிப்பதற்குள் பாதிக்கு மேல் ஏறிவிடும். சாதாரண நாளில் இது சுகமான ஏற்பாடு. பொங்கலுக்கு முந்தின நாள் மட்டும் வேறு கதை. உங்களுக்கு முன்னால் இரண்டு கார் நின்றால் ஒன்றரை மணி நேரம் அங்கேயே போய்விடும். போதாததற்கு ஒவ்வொரு சார்ஜர் கம்பெனிக்கும் ஒரு ஆப், ஒவ்வொரு ஆப்பிலும் முன்கூட்டிப் பணம் போட வேண்டிய ஒரு வாலட். பங்க்கில் நோட்டை நீட்டிவிட்டுக் கிளம்புகிற நமக்கு இது எரிச்சல்தான். பிரதான சாலையை விட்டு உள்ளே போய்விட்டால் ஃபாஸ்ட் சார்ஜர் கிடைப்பது இன்னும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. அங்கே உங்களைக் காப்பாற்றுவது சித்தப்பா வீட்டு 15 ஆம்ப் பாயின்ட்.

பேட்டரி செத்துவிட்டால் என்ன செய்வது? முழுதாகச் சாவது அபூர்வம், கொள்ளளவு மெல்லக் குறைவதுதான் வழக்கம். எட்டு வருடம் அல்லது ஒரு லட்சத்து அறுபதாயிரம் கிலோமீட்டர் என்பது பரவலான வாரன்டி. வெயிலுக்கு பேட்டரி தாங்குமா என்ற பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 2012-இல் அமெரிக்காவின் அரிசோனா வெயிலில், பேட்டரியைக் குளிர்விக்கும் ஏற்பாடு இல்லாத நிஸான் லீஃப் கார்கள் வேகமாகக் கொள்ளளவை இழந்து பெரிய சர்ச்சையானது. வேலூர்க்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இப்போது இங்கே விற்கும் பெரும்பாலான கார்களில் திரவக் குளிர்விப்பு இருக்கிறது. வாங்கும் மாடலில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வேடிக்கை என்னவென்றால், நடுவழியில் எலெக்ட்ரிக் காரை நிறுத்திவிடுவது பல நேரம் அந்தப் பெரிய பேட்டரி இல்லை. பெட்ரோல் காரில் இருப்பது போலவே இதிலும் ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரி உண்டு. அது படுத்துவிட்டால், கீழே நாற்பது யூனிட் மின்சாரம் இருந்தும் கதவுகூடத் திறக்காது.

பேட்டரி விலை இறங்கிக்கொண்டே வருவதில் ஒரு நல்லதும் ஒரு கெட்டதும் இருக்கிறது. 2010-இல் ஒரு யூனிட் கொள்ளளவுக்கு ஆயிரம் டாலருக்கு மேல் இருந்தது, 2024-இல் 115 டாலருக்கு வந்துவிட்டது. நாளைக்கு மாற்ற வேண்டி வந்தால் குறைந்த விலையில் கிடைக்கும் என்பது நல்லது. இன்று நீங்கள் வாங்கும் கார் செகண்ட் ஹேண்டில் விலை போகாது என்பது கெட்டது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை கார் மாற்றுகிற பழக்கம் உள்ளவர்கள் எலெக்ட்ரிக்கைத் தொடாமல் இருப்பது நல்லது. பேட்டரியை வாடகைக்குத் தருகிற திட்டமும் வந்திருக்கிறது. 2024 செப்டம்பரில் எம்.ஜி. விண்ட்ஸர் அப்படித்தான் வந்தது: கார் பத்து லட்சத்துக்குள், பேட்டரிக்குக் கிலோமீட்டருக்கு மூன்றரை ரூபாய். அந்த மூன்றரையோடு மின்சாரச் செலவையும் கூட்டிப் பாருங்கள். பெட்ரோல் செலவுக்குக் கொஞ்சம் கீழேதான் வந்து நிற்கும்.

சென்னை வாசகர்கள் மழையைப் பற்றிக் கேட்காமல் விடமாட்டார்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் கார்கள் மிதந்ததைப் பார்த்தோம். அடுத்த ஆண்டு மழை எச்சரிக்கை வந்த உடனே வேளச்சேரிப் பாலத்தின் மேல் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள், அது சரியான முடிவும்கூட. பேட்டரிப் பெட்டியில் ஐ.பி.67 என்று போட்டிருந்தால், ஒரு மீட்டர் நீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள். மூன்று நாள் பேஸ்மென்ட்டில் முங்கிக் கிடந்தால் தாங்கும் என்று பொருள் இல்லை. முங்கிய காரை ஸ்டார்ட் செய்யவும் கூடாது, சார்ஜரில் சொருகவும் கூடாது. கயிறு கட்டி இழுக்காமல், தட்டு வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். இன்ஷூரன்ஸில் பேட்டரிக்கான கூடுதல் பாதுகாப்பைச் சேர்க்காமல் பள்ளிக்கரணையிலோ முடிச்சூரிலோ எலெக்ட்ரிக் கார் வைத்திருப்பது துணிச்சல்.

சுற்றுச்சூழலுக்காக வாங்குகிறேன் என்று எழுதியவர்களுக்குக் கொஞ்சம் கசப்பான பதில். நம் நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரிதான். ஒரு யூனிட்டுக்கு சராசரி 700 கிராம் கரியமில வாயு என்று கொண்டால், எலெக்ட்ரிக் கார் கிலோமீட்டருக்கு நூற்றுப் பத்து கிராமைச் சுற்றி வருகிறது. பதினைந்து மைலேஜ் தருகிற பெட்ரோல் காரின் குழாயிலிருந்து நூற்றைம்பது. குறைவுதான், ஆனால் பூஜ்யம் இல்லை. பேட்டரியைச் செய்யும்போதே ஒரு கடன் ஏறியிருக்கும், அதை அடைக்கவே பல ஆயிரம் கிலோமீட்டர் ஓட வேண்டும். அண்ணா சாலையில் புகை குறையும், உண்மை. அந்தப் புகையின் ஒரு பகுதி எண்ணூர் அனல்மின் நிலையங்கள் பக்கம் போய்ச் சேரும். கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் கலந்து இறாலும் மீனும் போன கதையை அங்கே உள்ள மீனவர்களிடம் கேட்கலாம். ஆடிக் காற்றில் முப்பந்தல் காற்றாலைகள் சுழலும் மாதங்களில் கணக்கு கொஞ்சம் நல்லதாகும். வீட்டுக் கூரையில் சோலார் போட்டால் இன்னும் நல்லதாகும். மூன்று கிலோவாட்டுக்கு மத்திய அரசு 78,000 ரூபாய் வரை மானியம் தருகிறது. எலெக்ட்ரிக் கார் வாங்கும் யோசனை இருப்பவர்கள் முதலில் கூரையைப் பாருங்கள், பிறகு ஷோரூமுக்குப் போங்கள். ஐந்நூறு யூனிட் ஸ்லாப்பின் கடியும் அதில் ஆறிவிடும்.

பெட்ரோலும் பழைய பெட்ரோல் இல்லை. இப்போது பங்க்கில் கிடைப்பதில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். எத்தனாலில் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பதால் மைலேஜ் கொஞ்சம் அடிவாங்கும். பழைய கார் வைத்திருப்பவர்கள் இதை உணர்ந்திருப்பார்கள். ஆனாலும் பெட்ரோல் காருக்கு ஒரு பெரிய பலம் இருக்கிறது. நம் தெருமுனை மெக்கானிக் அதை ஸ்பேனரோடு திறந்து மூடத் தெரிந்தவர். எலெக்ட்ரிக் காரில் ஆயில் மாற்ற வேண்டாம், கிளட்ச் தேயாது, பிரேக் பேடு பல வருடம் வரும். பழுது என்று வந்தால் மட்டும் கம்பெனி சர்வீஸ் சென்டரை விட்டால் கதி இல்லை. பக்கத்து ஊரில் சர்வீஸ் சென்டர் இல்லாதவர்கள் இதற்காக ஒரு வருடம் காத்திருக்கலாம்.

ஆக, டிக் கேட்டவர்களுக்கு: தனி வீடு, மாதம் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டம், எட்டு வருடம் வைத்து ஓட்டும் எண்ணம் இருந்தால் எலெக்ட்ரிக்குக்கு என் டிக். வீட்டில் ஏற்கெனவே ஒரு பெட்ரோல் கார் இருந்து, இது இரண்டாவது என்றால் யோசிக்கவே வேண்டாம். வாடகை வீட்டில் தெருவோரம் நிறுத்துபவர்கள், ஓட்டம் குறைந்தவர்கள், சீக்கிரம் கார் மாற்றுபவர்கள் இப்போதைக்குப் பெட்ரோலிலேயே இருங்கள். பக்கத்து வீட்டுக்காரர் பச்சை நம்பர் பிளேட் வைத்திருக்கிறார் என்பதற்காக அவசரப்பட வேண்டாம்.

இரண்டு வருடத்துக்கு மேல் எலெக்ட்ரிக் கார் ஓட்டும் வாசகர்கள் நம் அலுவலக முகவரிக்கு எழுதுங்கள். ஊர், ஓடிய கிலோமீட்டர், கார் வாங்கும் முன்னும் பின்னும் வந்த இ.பி. பில் தொகை, அசோசியேஷனில் அனுமதி வாங்கிய விதம், நெடுஞ்சாலையில் எந்த சார்ஜர் எப்போதும் வேலை செய்கிறது, எது பெயருக்கு நிற்கிறது என எல்லாம் வேண்டும். பில்லின் நகலை இணைத்தால் இணைப்பு எண்ணை மறைத்து அனுப்புங்கள். அடுத்த இதழில் நான்கு பக்கம் அதற்கு ஒதுக்கியிருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்